இரண்டு அங்குலச் சரிவு

லிவர்பூல். நவம்பர். காலை எட்டேகால்.
நகரசபைப் படிவத்தில் ஏழாவது கேள்வி:
கட்டடக் கலைஞரின் பெயர்?
ஒரு கோடு இழுத்துவிட்டு
அடுத்ததற்குப் போயிருப்பேன்,
நிலவறையில் அந்தக் கணக்கேடு கிடைக்காதிருந்தால்.

கப்பல் எண்ணெய் நாறும் தாள்கள்.
தலைப்பு: செங்கல் கடன்.
குவேசி அமிசா – நாற்பது. மழை, பாதி வேலை.
அபியோசே மக்ஃபாய் – நூற்றுப்பத்து, ஒன்பது உடைசல்.
லெஃபோர்ட் பின்ஸ் – கல் இல்லை, கதவு தருவான்.

கதவு இருக்கிறது.
ஏதோ கப்பலில் கழற்றியது.
நிலைப்படி ஓர் அடி உயரம்;
யாராயிருந்தாலும் காலைத் தூக்கித்தான் நுழையவேண்டும்,
உள்ளே கடல் இருப்பதுபோல.
தூக்கினேன். இடறினேன்.

வீட்டைக் கட்டிப்பார் என்பார்கள் நம்மவர்கள்.
கறுப்பருக்கு அறையில்லை என்று
சன்னல் சன்னலாக அட்டை தொங்கிய தெருவில்
இவர்கள் ஒரு கல்லூரியையே கட்டிப் பார்த்திருக்கிறார்கள்.
பகலில் துறைமுகத்துக் கொதிகலனுக்குக் கரி,
இரவில் கேத்திர கணிதம்.
கரி கொட்டிய கிடங்குதான் பின்னாளில் ஆய்வுகூடம்;
அமிலம் தின்ற வட்டங்கள் தரையில் இன்னும்.
போரில் மேல்மாடி போயிற்று.
தகரம் வேய்ந்தார்கள், ஒழுக்குக்கு வாளி வைத்தார்கள்,
வாளிகளுக்கு நடுவே பரீட்சையும் வைத்தார்கள்.
அறுபதுகளில் நடனக்கூடம்.
அப்புறம் கம்பளக் கிடங்கு.
அப்புறம் புறாக்கள்.

மேற்குச் சுவரில் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டேன்.
பதினோராவது வரி வரை நூல் பிடித்த நேர்.
அதற்குமேல் சாய்கிறது.
ஏட்டைப் புரட்டினால், பிப்ரவரி, பென்சிலில்:
‘மக்ஃபாய் கப்பலேறிவிட்டான்.
இனிக் கரண்டி என்னிடம். எனக்கு இது வராது.’
கையெழுத்து இல்லை.

வராத அந்தக் கை
மேலும் முப்பத்தாறு வரி எழுப்பியிருக்கிறது.
சாந்து பிதுங்கிய இடமெல்லாம்
பெருவிரலால் அழுத்தி வழித்திருக்கிறது.
ஒரு குழியில் என் விரலை வைத்துப் பார்த்தேன்.
பொருந்தவில்லை. என்னுடையது சிறிது.

பன்னிரண்டாவது கேள்வி: குறைபாடுகள்.
மேற்குச் சுவர், சரிவு, இரண்டு அங்குலம்.
எழுதத்தான் வேண்டும், எழுதினேன்.
காரணம் என்ற கட்டம்
தீப்பெட்டி அளவு.

ஏழாவதற்குத் திரும்பினேன்.
அதுவும் தீப்பெட்டிதான்.
அலுவலகத்துக்கு அழைத்து
கூடுதல் தாள் வேண்டும் என்றேன்.
எத்தனை என்றார்கள்.

ஏட்டில் நூற்றிநாலு பேர்,
கடன் தீராதவர்கள் உட்பட.