ஆறட்டும்

முதல் தோட்டா பத்தில் விழுந்தது.
இரண்டாவது அதே ஓட்டையைக் கொஞ்சம் அகலமாக்கியது.
மூன்று, நான்கு:
கட்டைவிரல் நகத்தால் மூடிவிடலாம் அத்தனையையும்.
ஐந்தாவதில் தொடங்கியது.

பகல் ஒரு மணிக்கு மேல்.
சுவா சூ காங் வெயில் தகரக் கூரையில் புரண்டு படுத்திருக்கிறது.
தெங்காவிலிருந்து கிளம்பிய போர் விமானம்
காதடைப்பையும் மீறிக் கேட்டது.

ஐந்து, ஒன்பதில், நேர் மேலே.
ஆறு, அதற்கும் மேலே.
ஏழு, எட்டின் கோட்டைத் தொட்டு வலப்பக்கம்.
மின்தூக்கி பழுதான புளோக்கில்
படியேறிப் போகிறவர்போல
ஒவ்வொன்றாக, நிதானமாக.

மூச்சு என்று நினைத்தேன்.
பிறகு காற்று. கொடியோ
மூங்கில் கழியில் காயும் சட்டைக்கைபோல் தொங்கியது.
பிறகு விசை விரல்.
பிறகு நாற்பத்தாறு வயது.
பிறகு, இன்று காலை
தங்கை வாசுகியிடம் போனில் சொன்ன அந்த வாக்கியம்.
பாய்மேல் குப்புறப் படுத்தபடி
என்னை நானே கழற்றிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பக்கத்துத் தடத்தில் ஸுல்கிஃப்லி
தலையைத் தூக்காமல் "பானாஸ்" என்றான்.
வெயிலைச் சொல்கிறான் என்று தலையாட்டினேன்.
இல்லை, என் துப்பாக்கிக் குழலைக் காட்டினான்.

விரல் வைத்தேன். ஒரு நொடி தாங்கவில்லை.

குழலுக்கும் கட்டைக்கும் நடுவே
இரண்டு வெள்ளி நோட்டு ஒன்று
வழுக்கிக்கொண்டு போகும், காலையில்.
இப்போது பாதியில் சிக்கி நிற்கிறது.
கண்ணுக்கு நேராகத்தான் இருக்கிறது இரும்பு.
அதன்மேல் எழும் கானல்
தொலைநோக்கிக்குள் இலக்கைத் தூக்கிக் காட்டுகிறது:
இவ்வளவு நேரம் நான் சுட்டது
காகிதத்தில் இல்லாத ஒரு கறுப்பு வட்டத்தை.

ஆக, நான் இல்லை.
சிரிப்பு வந்தது. கொஞ்சம் ஏமாற்றமும்.

போல்ட்டைத் திறந்து வைத்தேன்.
ஆறாவது குண்டிலேயே ஆறவிட்டிருக்க வேண்டும்.
ஆனால் இந்த ஊரில் எது சீக்கிரம் ஆறுகிறது?
ஈரத்துணியைப் போர்த்தினால்
துணிதான் சூடாகிறது.
பத்து நிமிடம் என்றான் ஸுல்கிஃப்லி.
பதினைந்து என்று வைத்துக்கொண்டேன்.

யோசித்தால்
வாசுகியிடமும் முதல் நாலு வாக்கியம்
சரியாகத்தான் போய்ச் சேர்ந்தது.

எட்டாவது தோட்டாவை உள்ளே வைக்கவில்லை.
சூட்டில் காத்திருந்தால் மருந்தும் மாறிவிடும்.
உள்ளங்கையில் உருட்டிக்கொண்டிருக்கிறேன்.
பித்தளை, இன்னும், சில்லென்று.