நாலெட்டு

திறந்துவிட்டால் கொல்லை முழுக்க மேயும்
என்று சொல்லித்தான் கடன் கொடுத்தார்கள்.
திறந்துவிட்டேன்.
தொண்ணூற்றாறு கோழிகளும்
கொட்டகை வாசலைவிட்டுப் பத்தடி தாண்டாமல்
சந்தைக்கு வந்து பணத்தைத் தொலைத்தவர்கள் போல
நின்றன.

எதிரே அறுபது சென்ட் செம்மண்.
ஒரு முந்திரி இல்லை. ஒரு பலா இல்லை.
தானே புயல் படுக்கப் போட்டதையும்
நின்று மிஞ்சியதையும்
டன் கணக்கில் விறகுக்கு ஏற்றிய பிறகு
காடாம்புலியூரில் எங்களுக்கென்று இருந்தது
நிறைய வானம்.

வானம் பார்த்த பூமி என்று
மழையை வைத்துச் சொன்னார்கள்.
என் பெட்டைகள் தலையைச் சாய்த்து
ஒற்றைக் கண்ணால் பார்த்தது மழையை அல்ல.

வைரி வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை.
தவிட்டுக் கையோடு நான் நிமிர்வதற்குள்
ஒரு குஞ்சு குறைந்திருந்தது.
இருந்த ஒன்பதையும்
பத்தாகவே கூட்டிக்கொண்டு அலைந்தது தாய்.

இரண்டாம் ஷிப்டு முடித்து
நெய்வேலி பஸ்ஸில் வந்திறங்கிய வீரப்பெருமாள்
"மேல வலை கட்டிடலாம்" என்றார்.
விலை விசாரித்த பிறகு
வேறு பேச்சு பேசினார்.

கிளுவை இருந்தது ராசவேணி வேலியில்.
ஒன்றரை அடி வரப்புக்காக
மூன்று வருடம் முகம் பார்க்காத ராசவேணி.
போய் நின்றேன்.
அரிவாளை நீட்டினாள்,
பிடி என் பக்கம் இருக்க.
வாய் திறக்கவில்லை.

வாசலிலிருந்து நாலெட்டில் கிளுவைப் போத்து.
அங்கிருந்து நாலெட்டில் நொச்சி.
பிறகு துவரை, நெருக்கமாக, வரப்புவரை.
உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடும் கோழி
எத்தனை எட்டில் ஒளிய வேண்டும் என்று
குனிந்து, முதுகில் வெயிலோடு,
நானே ஓடிப் பார்த்தேன்.
பால்காரர் சைக்கிளை நிறுத்திவிட்டார்.

நட்டதையெல்லாம் முதல் வாரமே
கிளறிப் போட்டன,
யாருக்காக நட்டேனோ அந்த ஜென்மங்கள்.
திட்டிக்கொண்டே ஒவ்வொன்றையும் சுற்றி
இலந்தை முள் வைத்தேன்.
கையெல்லாம் கீறல்.
குடம் குடமாகத் தண்ணீர்.
மார்கழியில் துவரை பூத்தபோது
அதனடியில் ஒரு கோழி உட்காருமளவு
இருட்டு வந்திருந்தது.

முதலில் போனது அந்தக் கழுத்தறுத்தான் பெட்டை.
வாசலில் நின்றது.
ஒற்றைக் கண்ணால் மேலே.
பிறகு ஒரே ஓட்டம், கிளுவைக்கு.
மூச்சு வாங்கி, இன்னொரு ஓட்டம்.
நொச்சிக்குள் நுழைந்ததும்
அவசரமே இல்லாதது போல
மண்ணைக் கிளற ஆரம்பித்தது.
பின்னாலேயே நான்கு. பின்னாலேயே இருபது.

இப்போது வாசலில் நின்று எண்ண முடிவதில்லை.
செடி அசைந்தால் கோழி என்று நம்புகிறேன்.
ஒருநாள் அசைந்தது கீரி.
நிழல் அதற்கும்தான் இதமாக இருந்திருக்கிறது.
தடியோடு ஓடினேன்.
அடிப்பகுதிக் கிளைகளைக் கொஞ்சம் கழித்துவிட்டேன்.
கொஞ்சம்தான்.

தை பிறந்து நாலாம் நாள்
முந்தானையை ஏந்திக்கொண்டு வரப்பில் நின்றாள் ராசவேணி.
"உன் கோழி என் பக்கம் வந்து முட்டை வெச்சிருக்குது."
மூன்று வருடத்தின் முதல் பேச்சு.
"எத்தினி?"
"ஏழு."
துவரைக்கு அந்தப் பக்கம்
எட்டு கிடந்ததை நேற்றே பார்த்திருந்தேன்.
"ஏழுதான் இருக்கும்" என்றேன்.

வரப்பு இன்னும் அதே இடத்தில்தான் இருக்கிறது.
காய் பிடித்த துவரை
அவள் பக்கம் சாய்ந்திருக்கிறது.
நிமிர்த்திக் கட்டவேண்டும், ஒருநாள்.