மணக்குதோ

மூன்றாம் நாள் வகுப்பில் டிலோஜினி மிஸ்
ஒரு சின்னக் குப்பியைத் திறந்து
எங்கள் மூக்குகளுக்குக் கீழே வரிசையாய் நீட்டிக்கொண்டு வந்தா.
"காஸுக்கெண்டு சொந்த மணம் கிடையாது.
கசிஞ்சால் நீங்கள் அறிய வேணுமெண்டு
வேணுமெண்டே கலந்துவிடுற நாத்தம் இது."
யோகசீலன் "கூழ்முட்டை" என்றான்.
அருள்தாஸ், அழுகின வெங்காயம்.
கஜவதனி ஒன்றும் சொல்லாமல் தும்மினாள்.
என் முறை வந்தது.
நானும் முகத்தைச் சுளித்தேன்.

எனக்கு ஒன்றும் மணக்கவில்லை.
இரண்டு வருசத்துக்கு முந்திய காய்ச்சல்
போகும்போது கொண்டுபோன சாமான் அது.
மீன் பொரிவதைச் சட்டியின் சத்தத்தில் அறிகிறேன்.
மகளின் தலையை முகர்ந்தால்
வெறும் சூடு.

டீசலுக்கு மூக்குத் தேவைப்படவில்லை.
கையில் பிசுபிசுக்கும், நிலத்தில் கறுக்கும்,
ஒளிக்கத் தெரியாத எண்ணெய்.
பத்தொன்பது வருசம் அதோடு காலம் போயிற்று.
இப்போது அச்சுவேலித் தொழிற்சாலைக்கு
ஆட்களை ஏற்றும் பதினான்கு வானும்
வயிற்றுக்குக் கீழே தாங்கி கட்டிக்கொண்டு
கோண்டாவில் கராஜில் வந்து நிற்கின்றன.

எண்பது வீதத்துக்கு மேல் நிரப்பக் கூடாது.
வெயில் ஏற ஏற உள்ளே அது பெருக்கும்,
மிச்ச இருபதும் அதற்கு மூச்சுவிட.
இதை எழுதும்போது பேனை சற்று நின்றது.
வீட்டில் நாங்கள் எல்லாவற்றையும்
விளிம்புமட்டும் நிரப்பி வைத்திருக்கிறோம்.

பிறகு கிடங்கைக் காட்டினா,
வான்களின் அடிவயிற்றை நான் அண்ணாந்து பார்த்தே
கழுத்து வலி தேடிக்கொண்ட கிடங்கு.
"இது காத்தைவிடப் பாரம். மேலே எழும்பாது.
பள்ளம் தேடி வந்து குந்தியிருக்கும்,
ஆரும் ஒரு லைட்டைப் போடுமட்டும்."
ஒருவரும் கதைக்கவில்லை.
பள்ளத்தில் இறங்கினால் உயிர் தப்பும் என்று
சின்ன வயதில் படித்தவர்கள் நாங்கள்.
அன்று பின்னேரமே
கிடங்குக்கு மேலே பலகை அடித்தார்கள்.

ஐந்தாம் நாள், ஒன்பதாம் வான்.
முற்றத்து வெளியில் நிறுத்தி, பொனற்றைத் தூக்கி
நான் குனிந்துகொண்டிருந்தேன்.
"அண்ணை, உங்களுக்கு மணக்கேல்லையோ?"
கஜவதனி இரண்டடி பின்னுக்கு நின்றாள்.
"இல்லை" என்றேன்.
பிறகு, அந்த வெயிலில், ஏனோ,
"எனக்கு ஒண்டுமே மணக்காது" என்றேன்.

வீட்டுக்குப் போ என்பா என்று நினைத்தேன்.
மிஸ் என் கையில் ஒரு போத்தலைத் தந்தா:
சவர்க்காரத் தண்ணி, பழைய சவரத் தூரிகை.
"அப்ப நீங்கள் பார்த்துத்தான் நம்புவீங்கள்.
பாருங்கோ."

வால்வைப் பூட்டி, நட்டை இறுக்கி, திரும்பத் திறந்தார்கள்.
"இப்ப இல்லை" என்றான் யோகசீலன்.
"இல்லைத்தான்" என்றான் அருள்தாஸ்.
மூக்கு அவ்வளவு கெதியில் பழகிவிடும் என்று
யாருக்கும் அப்போது நினைவு வரவில்லை.
நான் மூட்டு மூட்டாய்ப் பூசிக்கொண்டு போனேன்.
வடிகட்டிக்குப் பின்னால், வளைவில்,
ஒரு குமிழி.
உடைந்தது. அதே இடத்தில் இன்னொன்று,
ஒரு சின்ன உயிர் வாயூறுவதுபோல.

பரிசோதனைப் படிவத்தில் மூன்று பெட்டி:
கருவி, நுரை, மணம்.
முதல் இரண்டிலும் நான் ஒப்பமிட்டேன்.
மூன்றாவதைக் கஜவதனி தன் கையெழுத்தால் நிரப்பினாள்,
கேட்காமலே.
விடிய நாலே முக்காலுக்கு ஒன்பதாம் வான்
சாவகச்சேரிப் பெண்களை ஏற்றப் போனது.

இரவு அடுப்படியில், சிலிண்டருக்குப் பக்கத்தில்
தூரிகையோடு குந்தியிருந்தேன்.
இரண்டு வருசமாய்
"நல்ல வாசம்" என்று என்னிடம் கேட்டுப் பழகின மனைவி
வாசலில் வந்து நின்று
"என்ன, மணக்குதோ?" என்றா.

குழாயில் ஒரு குமிழியும் இல்லை.
அவ இன்னும் நிற்கிறா.