நடுத்தர விலை

ஆனி பிறந்துவிட்டால் பணகுடியில்
கதவைச் சாத்தினாலும் காற்று உள்ளேதான் குடியிருக்கும்.
கணவாயில் கிளம்பி, காற்றாலைகளைத் தட்டி எழுப்பி,
எங்கள் தகரக் கொட்டகைமேல் வந்து மூச்சு வாங்கும்
விடிய விடிய.

எனக்கோ கேட்பதுதான் வேலை.
கடன் கம்பெனிப் பையன்கள் தவணை கேட்டுப் பேசியதை
மறுநாள் கேட்டு மார்க் போட வேண்டும்.
வணக்கம் சொன்னானா, ஐந்து.
பெயரைச் சரியாய்ச் சொன்னானா, ஐந்து.
மிரட்டினானா, மொத்தமும் பூஜ்யம்.
எதிர்முனை ஒரு தேதி சொன்னால் அதற்கொரு கட்டம்:
வாக்குறுதி பெறப்பட்டது.
டிக்.

காற்றில் 'பத்து' 'பத்தொன்பது' ஆகி
போன மாதம் மூன்று தப்பு.
சம்பளத்தில் அறுநூறு பிடித்தார்கள்.

அதனால்தான் வண்ணார்பேட்டைக்கு பஸ் ஏறினேன்.
ஆயிரத்து ஐந்நூறுக்கு ஒன்று இருந்தது,
காதில் சிரட்டையைக் கவிழ்த்த மாதிரி.
இருபத்தெட்டாயிரத்துக்கு ஒன்று கண்ணாடிக்குள் இருந்தது,
சாவி முதலாளியிடம்.
நடுவில் மூன்று.

முதலாவது கம்மல் திருகாணியை அழுத்திக் குத்தியது.
"கழத்தி வச்சிக்கிடுங்கக்கா" என்றான் பையன்.
கம்மல் ஒன்றுதான் தம்பி இன்னும் என்னோடு இருக்கிறது,
மற்றதெல்லாம் பாங்கில் தூங்குகிறது.
சொல்லவில்லை. அடுத்ததைக் கேட்டேன்.

இரண்டாவது பஞ்சு. அறுபது மணி நேரம் சார்ஜ் நிற்குமாம்.
ஆனால் கடை விசிறியின் சத்தத்தில்
பாதியைத் தின்று பாதியைத் துப்பியது.

மூன்றாவதை மாட்டிப் பொத்தானை அமுக்கினேன்.
விசிறி சுற்றியது, சத்தமில்லை.
வாசலில் நாகர்கோவில் பஸ் சும்மா அதிர்ந்துகொண்டு நின்றது.
அந்த அமைதியில்
பையன் பக்கத்துப் பையனிடம் முணுமுணுத்தது
ஓர் எழுத்துச் சிந்தாமல் வந்து விழுந்தது:
"இந்த அக்கா வாங்காதுல. பாத்துட்டுப் போயி ஆன்லைன்ல போடும்."

"என்னப்பா, பேச்சு கேக்கே?"
"இரைச்சலத்தான்க்கா எடுக்கும்,
பேச்ச எடுக்காது."

ஏழாயிரத்து நானூற்றுத் தொண்ணூறு.
பேசி முந்நூறுக்கு இறக்கினேன், பை இலவசம்.
அவன் சொன்னதற்காக வாங்கினேன் என்று சொல்லமாட்டேன்.
பாதி அதற்காக.

இரவு பதினொன்று.
சாப்பிட்ட கையோடு மாடிக்குப் போயிருந்தார்,
காற்று வாங்க.
பணகுடியில் காற்று வாங்கப் போகிறவர்
என் வீட்டுக்காரர் ஒருவர்தான் என்று
எத்தனை நாள் கேலி செய்திருக்கிறேன்.

மாட்டினேன். அமுக்கினேன்.
தகரம் அடங்கியது. காற்றாலை அத்தனையும் அடங்கியது.
தெளிவாக, பணிவாக, ஒரு குரல்:
"பத்தாம் தேதிக்குள்ள போட்டுருதேன் சார்.
வீட்டு நம்பருக்கு மட்டும் அடிச்சிராதீங்க."

விரல் தானாகப் போய்க் கட்டத்தில்
டிக் போட்டது.
பிறகுதான் திரையைப் பார்த்தேன்.
இன்னும் எதையும் ஓடவிடவே இல்லை.

குரல் மாடிப்படி ஜன்னல் வழியாக வந்துகொண்டிருந்தது.

என்ன கடன், யாரிடம், எதற்கு,
எதுவும் அதில் இல்லை.
நாளைக்கு இதையும் ஒருத்தி
எங்கோ உட்கார்ந்து கேட்பாள், மார்க் போடுவாள்.
கேட்ட பையனுக்குத்தான் மார்க்.
சொன்னவருக்குத் தாளில் இடமே கிடையாது,
இருந்தால் முழுசும் போட்டிருப்பேன்,
அத்தனை மரியாதை அந்தக் குரலில்.

பொத்தானை இன்னொரு தடவை அமுக்கினால்
வெளியில் உள்ளதையெல்லாம் உள்ளே விடும் என்று
பையன் சொல்லிக் கொடுத்திருந்தான்.
அமுக்கினேன்.
ஊர்க் காற்று மொத்தமும் வந்து
அவர் பேச்சின்மேல் உட்கார்ந்தது.

இறங்கி வந்தார். தலையெல்லாம் கலைந்திருந்தது.
"ஏட்டி, புதுசு எப்படி? காத்து கேக்கா?"
"கேக்கலை."
"என்ன விலை?"

"நாலாயிரம்" என்றேன்.