ஓடைக்கு அக்கரையில்

ஜனவரி. ஒன்பதாம் நாளாகக் காற்று அசையவில்லை.
பள்ளத்தாக்கின் மேல் யாரோ
குளிரைத் தட்டுபோலக் கவிழ்த்துவிட்டார்கள்;
அதற்கடியில் சாடொல்னா நகராட்சியின்
நாலாயிரத்துச் சொச்சம் மூக்குகள்.

அடுப்புச் சாம்பல் அள்ளுவது என் உத்தியோகம்.
சீருடை உண்டு. நீளக் காம்புள்ள கரண்டி உண்டு.
எண்ணிட்ட பைகள் உண்டு.
வாசலில் நின்று சட்டப்பிரிவைச் சொல்ல வேண்டும்,
பிறகு, மன்னிப்புக் கேட்பதுபோல்,
பூட்ஸில் ஒட்டிய பனியைத் தட்டிக்கொள்ள வேண்டும்.

இன்று ஏழாம் எண் வீடு.
கெர்த்ருதா கபீத்ஸா
இறந்த கணவரின் அலமாரிக் கதவுகளை
வார்னிஷோடு எரித்துக்கொண்டிருந்தார்.
மறைக்கவில்லை. எரியக் காத்திருந்த கதவொன்றில்
சாவிகூடத் தொங்கியது.
"நிலக்கரி டன் என்ன விலை, தெரியுமா?"
தெரியும். நானும் வாங்குகிறேன்.
சாம்பலை அள்ளினேன்.
கீல் திருகாணி ஒன்று கரண்டியில் கணகணத்தது.

அவர் சன்னலில் படிந்த ஆவியைத் துடைத்து
விரலால் காட்டினார்.
ஓடைக்கு அக்கரையில்
டயர் எரிக்கும் பட்டறையின் புகை
பாலத்தின் மேல்
வரி கட்டியவனைப்போல நிதானமாகத்
தவழ்ந்து வந்துகொண்டிருந்தது.
"அவன் சாம்பலை யார் அள்ளுவது?"
"அது லிபோவ்கா. வேறு ஊராட்சி."
"அங்கே உன்னைப்போல் ஒருவன் இல்லையா?"
"அந்தப் பதவிக்கு அவர்கள் பணம் ஒதுக்கவில்லை."

பேசாமலா இருந்தோம்?
எங்கள் மேயர் லிபோவ்காவுக்கு எழுதினார்.
மாவட்டத்தைக் கேளுங்கள் என்றது லிபோவ்கா.
மாவட்டம் மாகாணத்தைக் கைகாட்டியது.
மாகாணம் அழகான திட்டமொன்றை அனுப்பியது,
முந்நூற்றுப் பன்னிரண்டு பக்கம்;
நாற்பதாம் பக்கத்தில்,
"உள்ளாட்சி அமைப்புகளே பொறுப்பு."
சுற்றித் திரும்பிய கோப்பின் உறையில் மெல்லிய கரி.
கவுன்சிலர் ஹூபெர்ட் சோசலா அதை விரலால் தேய்த்து
"இது நம்முடையதா, அவர்களுடையதா?" என்றார்.
யாரும் சிரிக்கவில்லை. இருமினார்கள்.

அளவிடும் கருவி
இருபத்தாறு கிலோமீட்டர் தள்ளி,
மாவட்டத் தலைநகரின் பூங்கா நடுவில் நிற்கிறது.
அங்கே இன்று காற்று "மிதம்".

இருநூறு ஸ்லோட்டி அபராதம் எழுதினேன்.
கையெழுத்திட்டுவிட்டுத் தேநீர் வேண்டுமா என்றார்.
வேண்டாம் என்றேன்.
குடித்திருக்கலாம்.

நாலரைக்கே இருட்டு.
சீருடையைக் கழற்றிப் பின்சீட்டில் எறிந்துவிட்டுப்
பாலத்தைக் கடந்தேன்.
ஆம், லிபோவ்காவில்தான் என் வீடு.
வாடகை குறைவு.
எங்கள் கொதிகலன் என்னைவிட இரண்டு வயது மூத்தது.
மகன் அதற்குள் பால் அட்டைப்பெட்டிகளைத்
திணித்துக்கொண்டிருந்தான்.
நான் ஒன்றும் சொல்லவில்லை.
கைகளை நீட்டிக் குளிர் காய்ந்தேன்.

எல்லோரும் தூங்கியபின்
காரிலிருந்து கரண்டியை எடுத்துவந்தேன்.
பை எண் பதினைந்து.
நாள், நேரம், எடை.
எடுத்தவர்: என் பெயர்.
யாரிடமிருந்து: மறுபடியும் என் பெயர்.
பெறுநர் என்ற கட்டத்தின் மேல்
பேனாவைப் பிடித்தபடி நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

வெளியே எங்கள் புகைபோக்கியிலிருந்து புறப்பட்டது
பாலத்தை நெருங்கிக்கொண்டிருந்தது.
அக்கரையில், ஏழாம் எண் வீட்டில்,
விளக்கு இன்னும் அணையவில்லை.