தடைக்காலப் பற்று

சோளியக்குடி முக்கில் எனக்கு வலைக்கடை.
நைலான் கயிறு, மிதவை, ஈயக்குண்டு, நரம்பு.
வரிக்கு மேல் பெரிதாக எதுவும் வைத்து விற்பதில்லை.
நம்ப வேண்டாம், பில் இருக்கிறது.

மாதம் இருபதுக்குள் கட்டிவிடுவேன்.
ஒருமுறை கரண்ட் போய், டவரும் போய்,
திருவாடானை வரை பைக்கில் ஓடி
மூடிய பிரவுசிங் சென்டரின் ஷட்டரைத் தட்டிக் கட்டினேன்.
ஒரு நாள் பிந்தினால் எனக்கு அபராதம்.
ஒன்பது வருடம் பிந்தி நிற்கிறது ஜெட்டி;
அதற்கு எந்தப் படிவத்திலும் கட்டம் இல்லை.

ஒருவர் வந்து அடிக்கல் வைத்தார்.
அவரைத் தோற்கடித்தவர் வந்து
பக்கத்திலேயே இன்னொன்று வைத்தார்.
இரண்டு கல்லிலும் இப்போது ஆடு கட்டுகிறார்கள்.
ஒன்றோடொன்று முட்டாத தூரம்;
அந்த மட்டும் திட்டமிட்டிருக்கிறார்கள்.

ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே
என்று மேடைக்கு மேடை வார்க்கிறார்கள்.
மிக்சி வந்தது, மின்விசிறி வந்தது.
கடல்காரன் கேட்டது
முகத்துவாரத்தில் தூர் வாரி, ஒரு விளக்கு.
யார் பானையிலிருந்து கொடுக்கிறீர்கள் என்று
டீக்கடையில் கேட்டேன்; கஞ்சப் பாய் என்றார்கள்.
இருக்கட்டும்.
என் கட்சிக்குக் கொடி கிடையாது,
உறுப்பினரும் நான் ஒருத்தன்தான்.
கடனுக்கு வட்டி போட மாட்டேன், அது ஹராம்.
தள்ளுபடி செய்ய மாட்டேன், அது அரசியல்.

சித்திரையில் தடை விழுந்தது.
படகெல்லாம் கரையில் வெயில் காய,
படம் ரிலீஸ்.
மன்றத்துப் பையன்கள் இருநூறு மீட்டர் கேட்டார்கள்,
பன்னிரண்டு எம்.எம்., கடனுக்கு,
நடிகரை நிமிர்த்தி நிற்கவைக்க.
"உன் அப்பன் நங்கூரக் கயிறு இத்துப்போய்க் கிடக்குடா"
என்றேன் நம்புவேல் மகனிடம்.
"அடுத்து அவர் ஆட்சிதான் பாய்" என்றான்.

நாற்பதடி உயரம், இரண்டு குடம் பால்.
படத்தில் அவர் மீனவனாம்.
வலையை மடிப்பக்கம் தலைகீழாகப் பிடித்திருந்தார்.
எனக்கு மட்டும்தான் உறுத்தியது போல.

கச்சான் மூன்றாம் நாள் அடித்தது.
என் கயிறு அறவில்லை, அதைச் சொல்லிவிடுகிறேன்;
சவுக்குக் கம்புதான் முறிந்தது.
இப்போது அவர் நெஞ்சில்
நம்புவேல் மனைவி முனீஸ்வரி நெத்திலி காயப்போடுகிறாள்.
முகத்தை மட்டும் மூடுவதில்லை.
காக்கா விரட்ட அந்தக் கண்ணு போதும், என்கிறாள்.

வைகாசி கடைசியில் கடைக்கு வந்தாள்.
முந்தானை முடிச்சில் நிவாரணப் பணம்.
"எழுதிக்கோங்க பாய்."
வங்கி வாசம் போகாத ஐந்நூறு தாள்கள்.
ஊர் முழுக்க நான் வைத காசு.
நான் கட்டிய வரிதான்,
டெல்லி போய், சென்னை போய்,
பந்தலுக்கும் மாலைக்கும் கழிந்தது போக
முனீஸ்வரி முந்தானையில் ஏறி
என் கல்லாவுக்கே திரும்பியிருக்கிறது.
இவ்வளவு சுற்றுவதற்கு
நேராக ஜெட்டியாகவே வந்திருக்கலாம்.

வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும்.
எச்சில் தொட்டு இரண்டு முறை எண்ணினேன்.
வரவு, என்று எழுதினேன்.
கை ஏனோ அந்த வரியில் மட்டும்
எழுத்தைச் சின்னதாகப் போட்டது.

"இன்னும் எவ்வளவு?"
"நாலாயிரத்து முந்நூறு."
"பய வாங்குன கயிறும் சேர்த்தா?"
"அது தனி."
"அதை அவன் அப்பன் பேர்ல எழுதிராதீங்க.
அவனே சம்பாதிச்சுக் கட்டட்டும்."

கட்சிக்கு இரண்டாவது ஆள் சேர்ந்தாயிற்று
என்று நான் நினைத்து முடிப்பதற்குள்
ரேக்கிலிருந்து இரண்டு சுருள் நரம்பை
அவளே எடுத்துக்கொண்டாள்.
விடிந்தால் தடை முடிகிறது.

எழுதிக்கோங்க, என்றாள்.
எழுதினேன்.