தவணை

சங்கத்துக் கொப்பியில் மாசி ஒன்பது ஊசி.
கார்த்திகை பத்தொன்பது கன்று.
அதற்கடுத்த மாதம் கடனின் முதல் தவணை.
இன்றைக்கு இருபத்திநாலு.
கொட்டிலில் ஒழுக்கு விழாத மூலையாய்ப் பார்த்து
நாகு நிற்கிறது, ஓலை மென்றபடி,
ஒருவருக்கும் ஒன்றும் கொடுக்க இல்லாதது போல.

டொக்டர் சாருஜா மோட்டார் சைக்கிளை
ஆவரங்கால் சேற்றோடு வேலியில் சாத்துகிறா.
மழைக்கோட்டைக் கழற்றவில்லை.
முதலில் கண்ணின் கீழிமையை இழுத்துப் பார்க்கிறா.
"சிவப்பு இருக்கு. உண்ணி பார்த்தனீங்களோ?"
பார்த்தனான். காதுக்குள் மட்டும் ஏழு.

மடியை நாலு பக்கமும் அமத்துகிறா.
இறுகவில்லை.
வாலடியில் இரண்டு விரலால் நெருடி,
"இஞ்சை குழி விழவேணும்.
நரம்பு இன்னும் கயிறு மாதிரி.
திகதி சரியோ, அக்கா?"

சரிதான் என்கிறேன்.
சொல்லச் சொல்லக் குரல் ஒரு படி இறங்குகிறது.

கையுறையைத் தோள்மட்டும் இழுத்து
சவுக்காரத் தண்ணியில் தோய்த்து
உள்ளே போகிறா.
முழங்கை வரைக்கும். அதற்கு மேலும்.
நாகு முதுகை வளைத்து ஒருமுறை மூசுகிறது.
அவ கண்ணை மூடிக்கொள்கிறா,
கரண்ட் போன வீட்டில்
திறப்புத் தேடுகிற ஆள் மாதிரி.

அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

"ஊசி பிடிக்கேல்லை, டொக்டர்.
இருபத்தொரு நாளில் திரும்பக் கத்தினது.
கயிறை அறுத்துக்கொண்டு
அரியகுட்டியரின்ரை தோட்டத்துக்குள்ளை பூந்திட்டுது.
மரவள்ளி முழுக்க மிதி.
அங்கை அவையின்ரை நாம்பன் நிண்டது.
சங்கத்தில் சொன்னால்
நல்லினக் கன்றுக்கெண்டு தந்த காசைத்
திருப்பிக் கேப்பினம்."

சிரிக்கவில்லை. ஏசவுமில்லை.
"பொறுங்கோ" என்கிறா.
கை இன்னும் உள்ளேதான்.
"முன்னங்கால் ரெண்டும் நேர். மூக்கும் இருக்கு.
குளம்பைக் கிள்ளினன், இழுத்துக்கொண்டார்."

இழுத்துக்கொண்டார்.
தகப்பன் பேர் எழுத ஏலாத ஒன்றுக்கு
அந்த 'ர்'.

கை கழுவி, ஈரத்தோடு
சுவர்க் கலண்டரில் மார்கழி பத்தைச் சுற்றி
ஒரு வட்டம் போடுகிறா.
"அப்ப கொப்பியில்?"
"கொப்பியில் மழை பட்டிட்டுது, அக்கா."

பிறகு அவசரமாய்,
நிலத்துக்கு மணல் போடட்டாம்,
தொப்புளுக்கு அயடின் வாங்கி வைக்கட்டாம்,
தண்ணிக்குடம் உடைந்து ரெண்டு மணித்தியாலம் போனால்
எந்தச் சாமம் என்றாலும் கோல் எடுக்கட்டாம்,
கயிறைக் கொஞ்சம் நீட்டிக் கட்டட்டாம்.

நீட்டிக் கட்டினேன்.
அறுக்கிறவளுக்கு
கயிறு எவ்வளவு நீளமென்ன.